மூன்று எழுத்து குறைந்த மரம்

ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்துவிட்டு, யாரோடாவது பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளையாக இருந்த துண்டு பழுப்பாகியிருக்கும். யாரும் தொடவில்லை, ஓர் ஈகூட உட்காரவில்லை. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன்தான் தொட்டிருக்கிறது. இரும்புப் பூட்டை மழையில் விட்டால் துரு பிடிக்கிறதே, அதுவும் இதே கையின் வேலைதான். நாம் உயிரோடு இருக்க எது வேண்டுமோ, அதுவே நம் பொருட்களையும், உள்ளுக்குள் நம்மையும், கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டும் இருக்கிறது.

உடம்புக்குள் இது எப்படி நடக்கிறது என்பதைச் செருப்பை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். பெரிய கூட்டம் ஒன்று முடிந்து எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள். ஒருவருடைய ஒற்றைச் செருப்பைக் காணோம். அவர் என்ன செய்வார்? கிடப்பதில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டுவார். அந்தச் செருப்பின் சொந்தக்காரர் வந்து இன்னொருவருடையதை மாட்டுவார். அவர் அடுத்தவருடையதை. அரை மணி நேரத்தில் வாசல் முழுக்க ரகளை. எலக்ட்ரான் ஒன்று குறைந்துபோன மூலக்கூறும் இப்படித்தான், பக்கத்தில் இருப்பதிடமிருந்து பிடுங்கும். அந்த வாசலில் ஒரு நல்ல மனிதர் பை நிறையக் கூடுதல் செருப்போடு நின்று, "இந்தாப்பா, இதைப் போட்டுட்டுக் கிளம்பு" என்று கொடுத்தால் ரகளை அங்கேயே நின்றுவிடும். அந்த நல்ல மனிதருக்குப் பெயர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். முகப்பூச்சு விளம்பரங்களில் அவரை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். தேயிலையில் இருக்கிறார். வில்லோ மரத்தின் பட்டையிலும் இருக்கிறார்.

மூலிகை மர ஆய்வு நிறுவனத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இவ்வளவு தெரிந்தால் போதும். அதை நடத்தியவர்களுக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை.

நிறுவனத்தின் பின்வாசலை ஒட்டி ஒரு வில்லோ மரம் நின்றது. கிளைகள் தரையைப் பார்த்துத் தொங்கும். காற்றடித்தால் கூந்தலை உதறுவது போல் அசையும். மரத்துக்கு அந்தப் பக்கம், கிளைகள் கதவைத் தொடும் தூரத்தில், நிறுவனத்தின் சாமான் அறை. இந்தப் பக்கம், வேரை ஒட்டி, ஒரு மரப்பெட்டியும் முக்காலியும். பெட்டிக்குப் பின்னால் பூட்டுச் சாவி பழுதுபார்க்கும் ஒருவர் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் அவர் சாவி அண்ணன். இயக்குநர் உட்பட நிறுவனத்தில் யார் சாவியைத் தொலைத்தாலும் அண்ணன்தான் கதி.

அவருடைய உரிமச் சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "மரம் எண் 14-இன் நிழலில் தொழில் செய்ய அனுமதிக்கப்படுகிறது." இடம் என்று இல்லை, நிழல் என்றுதான் இருந்தது. மரம் இருக்கும்வரை நிழல், நிழல் இருக்கும்வரை உரிமம். நண்பகலில் நிழல் சுருங்கும்போது அண்ணன் பெட்டியை இரண்டடி உள்ளே தள்ளிக்கொள்வார். சட்டத்தை அவ்வளவு மதிப்பவர்.

மரத்துக்கு எண் வந்ததே தனிக் கதை. நிறுவனத்தின் மரங்களை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று ஒரு காலத்தில் கேள்வி வந்தது. உயிருள்ள எதையும் ஏற்க முடியாது என்று சாமான் பிரிவு கையை விரித்துவிட்டது. எனவே பணியாளர் பிரிவு ஏற்றுக்கொண்டது. மரம் எண் 14-க்குத் திறக்கப்பட்ட பணிப் புத்தகத்தில் பதவி: நிழல் உதவியாளர். நியமனம்: நிரந்தரம். "பணிபுரியும் கிளை" என்ற இடத்தில் எழுத்தர் வெகுநேரம் யோசித்து, "எல்லாக் கிளைகளும்" என்று எழுதியிருந்தார்.

சாவி அண்ணனின் தங்கை அதே நிறுவனத்தில் பரிசோதகர். மரப்பட்டைகளை அரைத்து, ஊறவைத்து, வடிகட்டி, எதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஆன்டிஆக்ஸிடன்ட் சோதனை பார்க்கவே அழகு. அடர்ந்த ஊதா நிறத்தில் ஒரு கரைசல். அதில் இருப்பதெல்லாம் ஒற்றைச் செருப்புக்காரர்கள். பட்டைச் சாற்றைச் சில சொட்டு விட்டால், சாற்றில் செருப்பு கொடுப்பவர்கள் இருந்தால், ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு நல்ல பட்டை. பதினான்காம் எண் மரத்தின் பட்டைச் சாறு விழுந்ததும் ஊதா மளமளவென்று வெளுத்தது. வளாகத்தில் வேறெந்த மரமும் பக்கத்தில் வர முடியவில்லை. தங்கை மதியச் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்து அண்ணனிடம் சொன்னாள்.

"அண்ணா, உன் மரம்தான் முதல் ரேங்க்."

"நான் அப்பவே சொன்னேன்ல? உக்கார்ற இடத்தைப் பாத்துத்தான் உக்காருவேன்."

அன்று மாலை அவள் மரத்தின் பண்புப் படிவத்தை நிரப்பினாள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நிறுவனத்தில் எந்த அறிவியல் சொல்லையும் கலைச்சொல் அதிகாரி ஒப்புக்கொண்ட வடிவத்தில்தான் எழுத வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கு ஒப்புக்கொண்ட சொல் "உயிர்வளியேற்ற எதிர்ப்பி". உயிர்வளி என்றால் ஆக்ஸிஜன். அது ஒரு பொருளில் ஏறிக்கொள்வதை எதிர்ப்பது என்று அர்த்தம். நல்ல சொல்தான். ஆனால் படிவத்தில் அதற்கு இருந்தவை பதினோரு கட்டங்கள். சொல்லுக்கோ, நடுவில் விடும் இடத்தையும் சேர்த்து, பதினான்கு வேண்டும்.

தங்கை படிவத்தை எடுத்துக்கொண்டு கலைச்சொல் அதிகாரியிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, கட்டங்களைப் பேனா முனையால் இரண்டு முறை எண்ணினார்.

"ஒரு சொல்லுக்கு ஆரம்பம் முக்கியம்மா. முடிவு முக்கியம். நடுவுல இருக்கறது சும்மா ஒட்டு வேலை" என்று சொல்லி, "யேற்ற" என்ற மூன்று எழுத்தை அடித்தார். "உயிர்வளி எதிர்ப்பி. எண்ணிப் பாருங்க, பதினொண்ணு. கச்சிதம்."

"சார், அர்த்தமே மாறிடுதே. ஆக்ஸிஜனையே எதிர்க்குதுன்னு ஆயிடும்."

"அர்த்தம் எங்க பிரிவு இல்லம்மா. நாங்க சொல்லு மட்டும்தான்."

படிவம் ஏழு பிரதிகளில் ஏழு மேசைகளுக்குப் போனது. ஆறு மேசைகளில் அதன் மேல் தேநீர்க் கோப்பை வைக்கப்பட்டது. ஏழாவது மேசை பாதுகாப்பு அதிகாரியுடையது. கட்டடத்துக்குள்ளேயும் தலைக்கவசத்தைக் கழற்றாதவர் அவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில். இத்தனை வருடத்தில் அந்த விசிலை ஊத ஒரு சந்தர்ப்பமும் கிடைக்கவில்லை. "மரம் எண் 14: உயிர்வளி எதிர்ப்பி: மிக அதிகம்" என்று படித்ததும் அவருடைய கை தானாக விசிலுக்குப் போனது.

மறுநாள் காலை அவர் ஒரு மெழுகுவர்த்தியோடு மரத்தடிக்கு வந்தார். ஆக்ஸிஜன் இருந்தால் சுடர் எரியும், இல்லாவிட்டால் அணையும். இதுவரை சரியான அறிவியல். ஏற்றினார். அணைந்தது. மறுபடி ஏற்றினார். மறுபடி அணைந்தது.

முக்காலியில் உட்கார்ந்திருந்த சாவி அண்ணன் பொறுக்க முடியாமல், "சார், காத்தடிக்குது" என்றார்.

"அது எனக்கும் தெரியும். படிவத்துல காத்துக்குக் கட்டம் இல்ல" என்றார் அதிகாரி. மூன்றாம் முறையும் அணைந்ததும், "மூன்றில் மூன்று" என்று குறித்துக்கொண்டார். பிறகு அண்ணனை உற்றுப் பார்த்தார். "நீங்க எப்படி இன்னும் உயிரோட இருக்கீங்க?"

"எங்க வீட்லயும் அதைத்தான் சார் கேப்பாங்க."

பத்து மணிக்குள் மரத்தைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார்கள். ஒரு பலகையும் வந்தது: "எச்சரிக்கை! இம்மரம் உயிர்வளியை எதிர்க்கும். கோட்டைக் கடக்கும்வரை மூச்சை அடக்கவும்." பின்வாசல் வழியாக வேலைக்கு வருபவர்களுக்கு வேறு வழியில்லை. கோடு வந்ததும் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண் பிதுங்க, வேகவேகமாக நடந்தார்கள். நலம் விசாரித்தபடி வருபவர்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, அந்தப் பக்கம் போய் மீதியைச் சொன்னார்கள். அண்ணன் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது பலருக்கு ஒழுங்கீனமாகப் பட்டது.

மூன்றாம் நாள் பருத்த தட்டச்சர் ஒருவர், கோட்டுக்குள் பாதி தூரத்தில் பேருந்துச் சீட்டைக் கீழே தவறவிட்டு, குனிந்து தேடி, அவ்வளவு நேரமும் விதிப்படி மூச்சை அடக்கி, மயங்கி விழுந்தார். அண்ணன்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்து, பல வருடமாகக் காத்திருந்த விசிலை முழு நுரையீரலோடு ஊதினார். பின்னர் அறிக்கையில் எழுதினார்: "மரத்தின் முதல் பலி. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்."

அதற்குப் பிறகு மரத்தை வெட்ட வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது கூட்டம் போடுவது மட்டும்தான்.

அதற்குள் சாவி அண்ணனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரியின் அறையில் நான்கு தீயணைப்பு வாளிகள் இருந்தன. மூன்றில் மணல், ஒன்றில் குடை.

"பத்தொன்பது வருஷமா இந்த மரத்தடியில இருந்திருக்கீங்க."

"ஆமா சார்."

"அத்தனை வருஷமும் மூச்சு விட்டீங்களா?"

"விட்டேன் சார்."

"ஆதாரம்?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். "நான்தான் சார் ஆதாரம். உங்க முன்னாடி உக்காந்திருக்கேனே."

"நீங்க சம்பந்தப்பட்டவர். சம்பந்தப்பட்டவரே ஆதாரமா இருக்க முடியாது. நீங்க மூச்சு விட்டதை யாராவது பாத்திருக்காங்களா?"

"மூச்சை எப்படி சார் பாக்கறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் அதிகாரி வெற்றிப் புன்னகையோடு. கடைசியில் மனம் இளகி, பதினைந்து நாட்களுக்கு ஒரு தற்காலிக மூச்சு அனுமதி எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தைய பத்தொன்பது வருட மூச்சு பின்னர் பரிசீலிக்கப்படும் என்று கீழே சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

எழுந்திருக்கும்போது அண்ணன் வேறொரு விஷயம் சொன்னார். "சார், சாமான் அறைப் பூட்டுக்கு எண்ணெய் விடணும். மழைத் தண்ணி இறங்கி துருப்பிடிச்சுப் போயிருக்கு. மூணு வருஷமா சொல்றேன். விட்டா ஒருநாள் திறக்காது."

"பூட்டு எங்க பிரிவு இல்ல" என்றார் அதிகாரி.

இதற்கிடையில் தங்கை தன் பங்குக்கு ஓடினாள். தவறிய மூன்று எழுத்தைத் திரும்பச் சேர்க்க எழுத்துத் திருத்த மனு என்ற தனிப் படிவம் உண்டு. அதை வாங்கி, "சரியான சொல்லை இங்கே எழுதவும்" என்ற இடத்துக்கு வந்தாள். பதினோரு கட்டங்கள் இருந்தன. அன்று மாலை அவள் அண்ணனின் முக்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என் கையெழுத்துதான் அண்ணா உன் பொழப்புல மண்ணைப் போடுது."

"நீ என்ன பண்ணுவே? பட்டை நல்ல பட்டைன்னுதானே எழுதினே."

"மரம் போனா?"

"நிழல் போகும். நிழல் போனா சீட்டு போகும்." உரிமச் சீட்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என் பெட்டியை எடுத்துட்டு எங்கே போவேன்? வேற மரம் எல்லாத்துக்கும் கீழேயும் யாராவது உக்காந்திருக்காங்க. ஒருத்தர் செருப்புத் தைக்கிறார், ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக்குக் கால் மாத்தறார். நிழலெல்லாம் நிறைஞ்சு போச்சும்மா."

கூட்டம் புதன்கிழமை நடந்தது. நீள மேசை, பதினெட்டு நாற்காலி, பதினெட்டுக் கோப்பைத் தேநீர். இயக்குநர் தேநீர்ப் பிரியர். முதல் கோப்பை முடியுமுன் இரண்டாவது வந்துவிட வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நண்பர்களே, ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனம் தொடங்கிய நாள் முதல் உயிர்வளிக்கு ஆதரவான நிலைப்பாட்டையே எடுத்து வந்திருக்கிறது. நம் பணியாளர்கள் அனைவரும் அலுவலக நேரத்தில் அதைப் பயன்படுத்த எந்தத் தடையும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட நிறுவனத்துக்குள்ளேயே ஒரு மரம், நம் நீரைக் குடித்துக்கொண்டு, நம் உயிர்வளியை எதிர்க்கிறது என்றால், அதை நாம் கண்டுபிடித்தது நமக்குப் பெருமை. முப்பது வருடங்களில் நாம் கண்டுபிடித்த முதல் விஷயம் இது. அந்த விஷயத்தை நாளை பத்து மணிக்கு வெட்டிவிடலாம் என்று முன்மொழிகிறேன்."

பலத்த கைதட்டல். அடுத்துக் கலைச்சொல் அதிகாரி எழுந்து, "வெட்டுதல்" என்பது நான்கு எழுத்து மிச்சம் வைத்துப் படிவத்தில் தாராளமாக அடங்கும் என்று உறுதியளித்தார். ஆறு எழுத்து மிச்சம் என்று யாரோ திருத்த, அவர் அந்தத் திருத்தத்தை வரவேற்றார்.

கடைசி நாற்காலியில் இருந்த பரிசோதகர் கையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. எழுந்து நின்றாள். பிறகு பையிலிருந்து ஊதாக் கரைசல் இருந்த ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துக்கொண்டு நேராக இயக்குநரின் இருக்கைக்கு நடந்தாள்.

"சார், நான் மரத்துல பாத்தது இந்தச் சோதனையைத்தான். ஊதா வெளுத்தா ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் உங்க கோப்பையைக் குடுங்க."

அவர் கொடுப்பதற்குள் அவளே ஒரு துளிக்குழாயை விட்டுத் தேநீரை உறிஞ்சி, குப்பியில் சில சொட்டு விட்டாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஊதா கலைந்து, மங்கி, வைக்கோல் நிறத்துக்கு வந்தது.

"பாத்தீங்களா? நீங்க குடிக்கிற தேநீரும் இதே வேலையைத்தான் செய்யுது. ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சார் குடிக்கிறீங்க?"

"பதினாலு" என்றார் இயக்குநர், பலவீனமான குரலில்.

"மூச்சு வருதுல்ல?"

இயக்குநர் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். வந்தது. எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்லத் தன் கோப்பையை மேசை நடுவுக்குத் தள்ளினார். விஷயம் முடிந்தது என்று தங்கை நினைத்தாள். அவள் இளம் வயதுக்காரி. நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது.

இயக்குநர் மெதுவாகக் கேட்டார். "தேநீர் எந்தப் பிரிவுக்குள்ள வருது?"

"உணவகப் பிரிவு, சார்" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"நாம எந்தப் பிரிவைப் பத்திப் பேசறோம்?"

"மரப் பிரிவு, சார்."

"அப்ப சரி" என்று இயக்குநர் நிம்மதியாகக் கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். கூட்டக் குறிப்பில் இரண்டு வரிகள் ஏறின. ஒன்று: மரம் வியாழன் காலை பத்து மணிக்கு வெட்டப்படும். இரண்டு: இயக்குநரின் தேநீரை அனுமதியின்றி உறிஞ்சிய பரிசோதகரிடம் விளக்கம் கேட்கப்படும்.

விளக்கக் கடிதம் மாலை நாலு மணிக்கே அவள் மேசைக்கு வந்துவிட்டது. நிறுவனத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்து யாரும் பார்த்ததில்லை. என்ன தண்டனை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள அவள் பணி விதிப் புத்தகத்தை எடுத்து, பொடி எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். இருபத்துமூன்றாம் விதிக்கு வந்ததும் நிறுத்தினாள். திரும்பவும் படித்தாள். அதற்குப் பிறகு பணியாளர் பிரிவுக்குப் போய், ஒரு பழைய பணிப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

வியாழன் காலை மரத்தடியில் கூட்டம். இயக்குநருக்கு ஒரு நாற்காலி, கோட்டுக்கு வெளியே. மரம் வெட்டும் ஆட்கள் இரண்டு பேர் பீடியை அணைத்துவிட்டுத் தயாராக நின்றார்கள். ரம்பம் சாமான் அறையில் இருந்தது. சாமான் அறை பூட்டியிருந்தது. பொறுப்பாளர் சாவியை நுழைத்தார், நுழைந்தது. திருப்பினார். சாவி திரும்பவில்லை. இன்னும் பலமாகத் திருப்பினார். சாவி பாதியில் முறிந்து கையோடு வந்தது.

எல்லோரும் சாவி அண்ணனைப் பார்த்தார்கள்.

அண்ணன் முக்காலியிலிருந்து எழுந்து, மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே நடந்து, பூட்டின் முன் குத்த வைத்து உட்கார்ந்தார். தன் நிழலை வெட்டப் போகும் ரம்பத்துக்குத் தானே கதவைத் திறந்துவிட வேண்டும். முடியாது என்று சொல்லலாம். சொன்னால் கடப்பாரையால் உடைப்பார்கள், அது ஐந்து நிமிட வேலை. அவர் பூட்டை விரலால் தடவினார். செம்பழுப்புத் தூள் அப்பிக்கொண்டு வந்தது. அந்த விரலை முகத்துக்கு நேராகப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். தொழிலில் நாள் முழுக்கப் பார்க்கும் விஷயம்தான். இன்று வேறு மாதிரி தெரிந்தது.

"என்ன, திறக்குமா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. துரு எப்படிப் பிடிக்குது?"

"ஈரம்."

"ஈரம் மட்டும் போதாது சார். காத்தும் வேணும். காத்துல இருக்கற ஆக்ஸிஜன் வந்து இரும்பைத் தின்னாத்தான் துரு. அதுக்குத்தான் நாங்க எண்ணெய் விடறோம், காத்து அண்டாம இருக்க." விரலை நீட்டினார். "இந்தப் பூட்டு மரத்துக்கு நேர் கீழ தொங்குது. மரம் ஆக்ஸிஜனை எதிர்த்திருந்தா இவ்வளவு துரு எங்கேயிருந்து வந்தது?"

பாதுகாப்பு அதிகாரி விரலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். தலைக்கவசத்துக்குள் ஏதோ நகர்வது முகத்தில் தெரிந்தது. தவறு தன்னுடையது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுவாரோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் அப்படிப்பட்டவர் அல்ல.

"அப்படின்னா," என்றார் மெதுவாக, "எதிர்ப்பிப் பதவியை வாங்கி வச்சுக்கிட்டு இந்த மரம் எதிர்க்கவே இல்லையா?"

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் பின்னாலிருந்து தங்கையின் குரல் வந்தது. "ஆமா சார். கடமை தவறியிருக்கு."

அண்ணன் திரும்பி அவளை முறைத்தார். அவள் அண்ணனைப் பார்க்கவே இல்லை. கையில் இரண்டு புத்தகங்கள் இருந்தன.

"படிவத்துல மிக அதிகம்னு எழுதியிருக்கு. ஆனா மூக்குக்குக் கீழேயே துருப்பிடிக்க விட்டிருக்கு. இது சாதாரண விஷயம் இல்ல சார். விசாரணை வைக்காம விட்டா மத்த மரமெல்லாம் என்ன நினைக்கும்?"

"அதுதான் நானும் சொல்றேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்தார். விசாரணை என்ற சொல் அவருக்குத் தேநீர் மாதிரி.

"வெச்சிடலாம்" என்றார். "முதல்ல வெட்டிடுவோம், அப்புறம் விசாரிப்போம்."

"முடியாது சார்." தங்கை முதல் புத்தகத்தை விரித்தாள். "மரம் எண் பதினாலு, நிழல் உதவியாளர், நிரந்தரப் பணியாளர். உங்களுக்கு முன்னாடி இருந்த இயக்குநர் கையெழுத்துப் போட்டிருக்கார்." இரண்டாவதை விரித்தாள். "விதி இருபத்துமூணு. விசாரணை நிலுவையில இருக்கும்போது நிரந்தரப் பணியாளர் யாரையும் பணியிலிருந்தோ, பணியிடத்திலிருந்தோ அகற்றக் கூடாது. எனக்கு வந்த விளக்கக் கடிதத்துக்காகப் படிச்சேன் சார், உங்க தயவுல."

இயக்குநர் புத்தகத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, பிறகு தூரத்தில் வைத்துப் படித்தார். எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் அதையேதான் சொன்னது.

"இந்தப் பூட்டு?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

"அதுதானே சார் சான்றுப் பொருள்?" என்றாள் தங்கை. "விசாரணை முடியறவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

சாவி அண்ணன் பூட்டிலிருந்து கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். மரம் வெட்டும் ஆட்கள் அணைத்த பீடியைத் திரும்பப் பற்றவைத்தார்கள். மூன்று குச்சிகள் காற்றில் அணைந்தன, நான்காவது பிடித்தது. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

வேறு ரம்பம் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. இருப்பில் ஒரு ரம்பம் இருக்கும்போது இன்னொன்று வாங்கக் கூடாது என்று சாமான் பிரிவில் விதி. இருப்பில் இருக்கும் ரம்பம் பூட்டுக்குப் பின்னால். பூட்டு விசாரணையில்.

மரத்துக்கு எழுதிய விளக்கக் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து தயாரித்தார்கள். "தங்கள் பண்பு உயிர்வளியை எதிர்ப்பது என்று பதிவாகியிருந்தும், தங்கள் நிழலிலேயே உள்ள பூட்டில் துருவை அனுமதித்தது ஏன் என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்." அடிமரத்தில் சணல் கயிற்றால் கட்டினார்கள். ஏழாம் நாள் பாதுகாப்பு அதிகாரி பதில் வாங்கப் போனார். கடிதத்தின் மேல் நீளமான ஓர் இலை விழுந்து கிடந்தது. பதில் இல்லை என்று எழுதுவதா, வந்தது என்று எழுதுவதா என்று அவர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் இலைக்கு உள்வரவு எண் போட்டு, இடைக்காலப் பதில் என்று முத்திரை குத்தி, மொழிபெயர்ப்புக்காகக் கலைச்சொல் அதிகாரிக்கு அனுப்பினார். அது இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஆரம்பம் புரிகிறதாம், முடிவு புரிகிறதாம்; நடுவில் இருக்கும் நரம்பு வேலை மட்டும் பிடிபடவில்லையாம்.

துருவைப் பற்றித் தெரிந்தவர் நிறுவனத்தில் ஒருவரும் இல்லாததால், சான்றுப் பொருளின் நிலையை மாதம் ஒருமுறை பார்வையிட்டு அறிக்கை தர சாவி அண்ணனையே நியமித்தார்கள். தொடாமல் பார்வையிட வேண்டும். அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூச்சு அனுமதியைப் புதுப்பித்துக்கொள்கிறார். மாதம் ஒருமுறை, "துரு திருப்திகரமாக வளர்ந்து வருகிறது" என்று எழுதிக் கொடுக்கிறார். இயக்குநர் அதில் கையெழுத்துப் போட்டு வாழ்த்துத் தெரிவிக்கிறார்.

அண்ணனிடம் வரும் பூட்டு எதுவானாலும், சைக்கிள் பூட்டோ பெட்டிப் பூட்டோ, எண்ணெய் விடாமல் திருப்பிக் கொடுக்க மாட்டார். தொழில் தர்மம். சாமான் அறைப் பூட்டு ஒன்றுதான் விதிவிலக்கு. மதியம் சாப்பிட்டு முடித்து, செம்பில் மிச்சமிருக்கும் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. அக்கம்பக்கம் பார்ப்பார். யாரும் இல்லை என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே, பூட்டின் மேல் படும்படி ஒரு வீச்சு வீசுவார். கையால் தொடுவதில்லை.

மீதியை ஆக்ஸிஜன் பார்த்துக்கொள்கிறது.